வைக்கோலில் நிறுத்திய வண்டி

லைசென்ஸ் வாங்கியாயிற்று, இனிமேல் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்று கேட்கிற தம்பிகளைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. வயதாகிவிட்டது, பொறுமையாகப் பேசுங்கள் என்று வீட்டில் சொல்கிறார்கள். பொறுமையாகச் சொல்லித்தான் பார்த்தேன். போன மாதம் புதிதாக டிரைவர் வேலைக்குச் சேர்ந்த ஒருவர் திருப்பத்தில் ஒரு சைக்கிள்காரரைத் தட்டிவிட்டார். நல்லவேளை, சிராய்ப்போடு போயிற்று. நான் பக்கத்துக் கடையில் நின்றிருந்தேன். தம்பி வண்டியை விட்டு இறங்கியதும் சொன்ன முதல் வாக்கியம் என்ன தெரியுமா? “நான் ரூல்படிதான் வந்தேன், என் மேல தப்பு இல்ல.” விழுந்து கிடந்தவரை அவர் இன்னும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்றைக்கு அவரை நான் கண்டபடி திட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு யோசித்துப் பார்த்தால், அதே வாக்கியத்தை நானும் ஒரு காலத்தில் சொன்னவன்தான். அவரைத் திட்ட எனக்கு எவ்வளவு யோக்கியதை இருக்கிறது என்பதை நீங்களே படித்து முடிவு செய்துகொள்ளுங்கள்.

திருவிதாங்கூரையும் கொச்சியையும் ஒன்றாக ஒட்டவைத்து இரண்டு வருஷம்கூட ஆகாத காலம். எங்கள் லைசென்ஸ் பரீட்சை நாகர்கோவிலில் ஒரு மைதானத்தில் நடந்தது. இன்ஸ்பெக்டர் பக்கத்தில் உட்கார்ந்தார். சிக்னலுக்குக் கையை நீட்டு என்றார், நீட்டினேன். பின்னால் எடு என்றார், எடுத்தேன். அப்போது குறுக்கே ஓர் ஆடு வந்தது. சட்டென்று நிறுத்தினேன். ஆடு போய்ச் சேர்ந்ததும் இன்ஸ்பெக்டர் “மதி” என்று மலையாளத்தில் சொல்லிவிட்டு இறங்கினார். போதும் என்று அர்த்தம். என் லைசென்ஸில் பாதி அந்த ஆட்டுக்குச் சொந்தம்.

அதன்பின் நான் சேர்ந்தது தோவாளைக்கும் நாகர்கோவிலுக்கும் நடுவே ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில். முதலாளிக்கு நான்கு வண்டிகள். என் வண்டிக் கண்டக்டரின் பெயரை நான் எழுதப் போவதில்லை. அவருடைய பிள்ளைகள் இங்கேதான் இருக்கிறார்கள். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். மிஷன் சபைக்காரர், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டுப் பாடுகிறவர். பின்படியில் நின்று பேசினால் என் சீட்டு வரைக்கும் தெளிவாகக் கேட்கும். ஸ்டியரிங்கை வாழ்நாளில் தொட்டதில்லை. ஆனால் நான் ஓட்டக் கற்றுக்கொண்டது லைசென்ஸ் வாங்கும் முன்பு அல்ல, அவரோடு ஓடிய அந்த எட்டு மாதங்களில்தான்.

அவர் எனக்கு வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. நாள் முடிந்ததும் கணக்குச் சொல்வார், அவ்வளவுதான்.

“லே மக்கா, இன்னைக்கு ஒம்பது பேரு என் மேல வந்து விழுந்தாவ. நேத்து ஏழு. நீ வளருதியா, தேயுதியா?”

“பிரேக்கு நல்லா பிடிக்குல்லா அண்ணாச்சி?”

“பிடிக்கு. நீ முன்னமே பாத்திருந்தேன்னா அது இந்தப் பிடி பிடிக்காண்டாம்.”

எனக்கு ஆத்திரமாக வரும். டிக்கெட் கிழிக்கிறவருக்கு பிரேக்கைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்துக்கொள்வேன். ஆனால் மறுநாள் காலையில் பூச்சந்தைப் பக்கம் கைவண்டிகள் தெரிந்ததுமே கால் தானாக ஆக்ஸிலேட்டரை விட்டு எழும்பிவிடும். எதிரே மாட்டு வண்டி வந்தால் மாட்டைப் பார்க்காமல் வண்டிக்காரர் விழித்திருக்கிறாரா என்று பார்க்கப் பழகினேன். பூக்கூடையோடு நிற்கிற பெண்கள் ஒரு கையால் கூடையையும் மறு கையால் கம்பியையும் பிடித்திருப்பார்கள், வளைவில் அவர்களுக்கு மூன்றாவது கை கிடையாது என்பதும் அப்போதுதான் புத்திக்கு ஏறியது. ஒன்பது ஐந்தாகி, ஐந்து இரண்டாகியது. முன்னால் இருப்பது எனக்குத் தெரியும், முதுகுக்குப் பின்னால் இருப்பது அவருக்குத் தெரியும். இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு டிரைவர் என்பது இன்றைக்கு எனக்குத் தெரிகிறது. அப்போது இது என் கெட்டிக்காரத்தனம் என்றே நினைத்தேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் பேச்சை நான் கேட்கவே இல்லை.

நான் வயல்காரர் வீட்டுப் பிள்ளை. எங்கள் பக்கம் கும்பப்பூ என்கிற இரண்டாம் போக அறுவடை மாசியில் வரும். களத்தில் இடம் போதாதவர்கள் அடித்த வைக்கோலை ரோட்டில் விரித்துவிடுவார்கள். காயவும் காயும், மேலே வண்டிகள் ஏறிப் போனால் ஒட்டியிருக்கிற நெல்லும் உதிரும். மாடு கட்டிச் சூடடிக்கிற வேலை மிச்சம். பஸ் வந்தால் ஓரத்தில் நின்று கையைக் காட்டுவார்கள், “ஏறிப் போ மக்கா, நல்லா ஏறிப் போ” என்று. நான் நேரே போகமாட்டேன். சக்கரம் எல்லா வைக்கோலையும் மிதிக்கட்டும் என்று வலத்தே ஒடித்து இடத்தே ஒடித்துப் போவேன். ஊர்க்காரர்களுக்குச் சந்தோஷம், எனக்கு அதைவிடச் சந்தோஷம். சொந்தக்காரர் வீட்டு வேலைக்கு ஒத்தாசை செய்வது போல.

“இது பஸ்ஸா, சூடடிக்க மாடாலே?” என்று பின்னாலிருந்து குரல் வரும்.

நான் சிரிப்பேன். வைக்கோலைப் பற்றி எனக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டுமா? அதிலேயே புரண்டு வளர்ந்தவன். தெரியாத பொருளிடம் மனிதன் ஜாக்கிரதையாகத்தான் இருக்கிறான். தெரிந்ததிடம்தான் அசந்து போகிறான்.

மண்டைக்காட்டு அம்மன் கோவில் கொடைத் திருவிழாவுக்கு எங்கள் வண்டியை ஸ்பெஷலாக விட்டார் முதலாளி. தோவாளையில் கிளம்பி நாகர்கோவில் வழியாக மண்டைக்காடு. காலை பத்து மணிக்கே நிற்க இடமில்லை. வழியில் இரண்டு ஊர்களில் வைக்கோல் விரித்திருந்தார்கள். இரண்டு இடத்திலும் நான் என் வித்தையைக் காட்டினேன். இரண்டாவது ஊர் தாண்டியதும் காப்பிக் கடை நிறுத்தத்தில் கண்டக்டர் இறங்கி முன்னால் வந்தார்.

“அடியில என்னமோ சுத்திக்கிட்டு உரசுகு. எறங்கிப் பாத்துட்டுப் போவோம்.”

“நாகரோயில்ல போய்ப் பாக்கலாம் அண்ணாச்சி. நேரமாச்சு.”

“ரெண்டு நிமிசம்லே. வைக்கல் வாடையும் வருகு.”

“வைக்கல் மேல வந்தா வைக்கல் வாடைதான வரும். ஏறும்.”

நேரமெல்லாம் ஆகவில்லை. எனக்குப் புதுக் காக்கிச் சட்டை தைத்து வந்திருந்தது. அவ்வளவு கூட்டத்துக்கு முன்னால், அதில் பாதிப் பேர் ஊர்க்காரர்கள், ரோட்டில் மல்லாந்து படுத்து வண்டிக்கடியில் தலையை விடக் கூச்சம். இதுதான் உண்மை. இதற்கு மேல் இதில் ஒரு காரணமும் இல்லை.

அடுத்த ஊரில் ரோடு குளத்தங்கரை மேலே போகும். ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் வயல் பள்ளம். கரை நீளத்துக்கும் முழங்கால் உயரம் வைக்கோல் போட்டிருந்தார்கள். பாதி தூரம் போயிருப்பேன், பின்சக்கரத்துக்குப் பக்கத்துப் பலகை இடுக்கிலிருந்து புகை வந்தது. முந்திய இரண்டு ஊர் வைக்கோலும் வண்டிக்கடியில் சுழல்கிற தண்டில் கயிறு திரித்த மாதிரி சுற்றிக்கொண்டு, சைலன்சர் சூட்டில் காய்ந்து, பற்றிக்கொண்டது. ஒரு பெண் கூச்சல் போட்டாள். பிறகு எல்லோரும் போட்டார்கள். “நிறுத்து, நிறுத்து” என்று நாற்பது வாய்.

நான் நிறுத்தினேன்.

தம்பிகளே, இங்கே கொஞ்சம் நில்லுங்கள். நீங்களும் இதைத்தான் செய்வீர்கள். தீ என்றால் நிறுத்து, கூச்சல் என்றால் நிறுத்து, ஆடு வந்தால் நிறுத்து. நமக்குச் சொல்லித்தந்தது அவ்வளவுதான். எங்கே நிறுத்துவது என்று ஒருவரும் சொல்லித்தரவில்லை. எனக்கு முன்னால் நாற்பது ஐம்பது அடி தூரத்தில் வைக்கோல் முடிந்து வெறும் ரோடு கிடந்தது. நாலு நிமிஷம் இல்லை, நாலு மூச்சு விடுகிற நேரம் போதும். அதை நான் பார்த்தேன். பார்த்தும் கால் பிரேக்கில் இருந்தது. அடியில் நெருப்பு வைத்திருக்கிற வண்டியைக் கொண்டுபோய் வைக்கோல் மெத்தையின் நட்ட நடுவில் நிறுத்தினேன்.

அந்த வண்டியில் கூரையோடு ஒரு கயிறு போகும், அதை இழுத்தால் என் தலைக்கு மேல் மணி அடிக்கும். ஒன்று அடித்தால் நிறுத்து, இரண்டு அடித்தால் போ. வண்டி நிற்பதற்கு முன்பே இரண்டு அடித்தது. கூடவே அவர் குரலும் வந்தது. “எடு லே, எடு. வைக்கலத் தாண்டிப் போய் நிறுத்து.”

எடுத்திருக்கலாம். கை கால் வரவில்லை. அதற்குள் கீழே வைக்கோல் பிடித்துக்கொண்டது.

படியில் இறங்கினவர்கள் பாதி, ஜன்னல் வழியாகக் குதித்தவர்கள் பாதி. குளத்தில் போய் விழுந்தவர்கள் உண்டு. ஒரு வயதான அம்மாளுக்கு ஜன்னலிலிருந்து விழுந்து கால் ஒடிந்தது. கண்டக்டர் குழந்தைகளை இறக்கிவிட்டு வண்டிக்கு முன்னால் ஓடினார். சக்கரத்துக்கு முன்னே கிடந்த வைக்கோலை இரண்டு கையாலும் வாரி வாரிக் குளத்துப் பக்கம் எறிந்தார். அதில் பாதி எரிந்துகொண்டிருந்த வைக்கோல். ஒரு வண்டித் தடம் அகலத்துக்கு வழி வந்ததும் என்னைப் பார்த்து, “இப்பமாவது எடு” என்றார். அப்போதுதான் எடுத்தேன். வெறும் ரோட்டுக்கு வந்ததும் ஊர்க்காரர்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி வண்டித் தீயை அணைத்தார்கள். கரை வைக்கோலை அணைக்க முடியவில்லை. வைக்கோலுக்குச் சொந்தக்காரரான ஒரு சம்சாரி, வருஷம் பூராவும் அவருடைய மாடுகளுக்கு அதுதான் தீனி, தலையில் கைவைத்துக்கொண்டு அதைப் பார்த்தபடி நின்றார். கொஞ்ச நேரம் முன்னால் அவர்தான் எனக்குக் கை காட்டியவர்.

கண்டக்டர் வரப்பில் உட்கார்ந்து இரண்டு உள்ளங்கையையும் மேலே பார்க்க வைத்திருந்தார். யாரோ தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து தடவினார்கள். நான் பக்கத்தில் போனேன். “ஆளு ஒண்ணும் சாகல்லல்லா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “அப்பம் சரி” என்றார். அவர் கேட்டது அது ஒன்றுதான்.

நாலாம் நாள் முதலாளி வீட்டு முன்னறையில் விசாரணை. எனக்கு லைசென்ஸ் கொடுத்த அதே இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். ரைட்டர் ஒருவர் மலையாளத்தில் எழுதிக்கொண்டிருந்தார். கண்டக்டர் கையில் கட்டோடு சுவரோரம் நின்றார். எதற்காக வைக்கோலில் கொண்டுபோய் நிறுத்தினாய் என்பதுதான் கேள்வி. இப்போது நினைத்தாலும் அந்த அறையின் புழுக்கம் தெரிகிறது. லைசென்ஸ் போய்விடும், வேலை போய்விடும், ஊரில் எல்லோரும் சிரிப்பார்கள்.

“நான் ரூல்படிதான் சார் நிறுத்தினேன். பெல் அடிச்சுது.”

“எத்ர?” என்றார் இன்ஸ்பெக்டர். எத்தனை என்று கேட்கிறார்.

“ஒண்ணு.”

ரைட்டர் எழுதினார். கண்டக்டர் என்னைப் பார்த்தார். “ரெண்டு அடிச்சேன் சார்” என்றார். ஒரு தடவைதான் சொன்னார். பயணிகளில் யாரிடம் கேட்பது? உயிர் போகிற அவசரத்தில் மணியை எண்ணிக்கொண்டு இருந்தவர் யார்? ஓடிய வண்டி, அடித்த மணி, நிறுத்திய டிரைவர். கதை சரியாகப் பொருந்திவிட்டது. தவிர, முதலாளிக்கு டிரைவர் கிடைப்பது கஷ்டம். கண்டக்டர் வேலைக்கு வாசலில் பத்துப் பேர் நிற்பார்கள். அதிலும் கை வெந்த கண்டக்டர் டிக்கெட்டை எப்படிக் கிழிப்பார்? அன்றைக்கே அவரை நிறுத்திவிட்டார்கள். நான் தமிழில் கையெழுத்துப் போட்டேன்.

அதற்குப் பிறகு நான் நல்ல டிரைவர் ஆனேன். இதைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். தினமும் காலையில் வண்டிக்கடியில் படுத்துப் பார்த்தேன், சட்டை எதுவானாலும் சரி. வைக்கோல் கண்டால் ஓரமாக நிறுத்தி, ஊர்க்காரர்களோடு சண்டை போட்டு, வழி விலக்கச் செய்து போனேன். “என்ன டிரைவரே, வைக்கலுக்குப் பயந்தவராட்டு?” என்று கேலி செய்தார்கள். செய்யட்டும். எந்த இடத்தில் போனாலும், இப்போது ஏதாவது நடந்தால் எங்கே கொண்டுபோய் நிறுத்துவேன் என்று மனது ஓர் இடம் குறித்துவைத்துக்கொண்டே வரும். பாலத்தில் இல்லை, வளைவில் இல்லை, கூட்டத்தில் இல்லை. அதற்கப்பால், அந்தப் புளியமரத்துக்குக் கீழே. உங்களுக்கு நான் சொல்லக்கூடிய தொழில் ரகசியம் இது ஒன்றுதான். ஓய்வு பெறும்வரை என் வண்டியால் ஒருவருக்கும் கீறல் விழவில்லை. பாராட்டினார்கள், மாலை போட்டார்கள். மேடையில் நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கண்டக்டர் கை ஆறி, மணவாளக்குறிச்சிப் பக்கம் மணல் சுமக்கிற வேலைக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நினைப்பேன். முதலாளியிடம் உண்மையைச் சொல்லிவிட்டுப் போவதா, அவரைப் பார்த்துவிட்டு முதலாளியிடம் போவதா என்று யோசிப்பேன். யோசித்தே வருஷங்கள் போயின. பிரேக்கில் கால் வைக்க எடுத்துக்கொள்ளாத நேரத்தை இதற்கு எடுத்துக்கொண்டேன்.

மாநிலம் பிரியப் போகிறது, நாம் தமிழ்நாட்டோடு போகப் போகிறோம் என்று ஊரெல்லாம் இதே பேச்சாக இருந்த சித்திரை மாதம். அதற்குள் என்னைக் கடற்கரை ரூட்டில் போட்டிருந்தார்கள். மணவாளக்குறிச்சிக்கு முந்திய ஒரு நிறுத்தம். மரம் கிடையாது, நிழல் கிடையாது, நல்ல உச்சி வெயில். இரண்டு பேர் கை காட்டினார்கள், நிறுத்தினேன். அந்தக் காலத்தில் நிறுத்துவதில் என்னைக் குறை சொல்ல முடியாது, கம்பியைப் பிடிக்காமல் நிற்கிறவர்கள்கூட அசையமாட்டார்கள். முன்படிக் கம்பியில் ஒரு கை வந்து பிடித்தது. உள்ளங்கைத் தோல் மினுமினுவென்று, விரல்கள் முழுதாக நிமிராமல். நான் தலையைத் திருப்பினேன். அவரும் என்னைப் பார்த்தார்.

கையை எடுத்துக்கொண்டு காலைக் கீழே வைத்தார்.

“அடுத்த வண்டிக்குப் போவோம்” என்றார் மனைவியிடம்.

“அடுத்த வண்டி ரெண்டு மணிக்கூர் கழிச்சுல்லா வரும். இதுல எடம் கெடக்கே.”

“வரட்டு. நிப்போம்.”

கோபமான குரல் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். நான் இறங்கியிருக்கலாம். பின்னால் வண்டி எதுவும் இல்லை, நேரமும் இருந்தது. அண்ணாச்சி, நீங்க ரெண்டுதான் அடிச்சிய என்று நாலு பேர் கேட்கச் சொல்லியிருக்கலாம். எத்தனை ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பார்த்த வார்த்தை அது. நான் கியரைப் போட்டேன்.

மண்டைக்காட்டில் ஆட்களை இறக்கி ஏற்றிக்கொண்டு அதே வழியாகத் திரும்பினேன். முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். தூரத்திலிருந்தே தெரிந்தது, அவர்கள் இன்னும் அந்த வெயிலில்தான் நின்றார்கள். அந்த அம்மாள் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டு ரோட்டோரம் நின்றுகொண்டிருந்தாள். நான் எப்போதோ ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டேன், வண்டி நடந்து போகிற வேகத்தில்தான் வந்தது. அவர் என் வண்டியை அடையாளம் கண்டுகொண்டார். மனைவியின் தோளைப் பிடித்து, ரோட்டை விட்டு நாலு அடி பின்னால் இழுத்து நிறுத்தினார்.